வண்டிக்கு வந்த ஓலை

ஐதராபாத் நகரின் வடமேற்கு ஓரத்தில் ஜீடிமெட்லா என்னும் தொழிற்பகுதி இருக்கிறது. மருந்துச் சரக்கு செய்யும் ஆலைகளும், கடைசல் பட்டறைகளும், பிளாஸ்டிக் வார்ப்புக் கூடங்களும் அடுத்தடுத்து நிற்கும் இடம். அங்கு வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, சிந்தல், ஷாப்பூர் நகர், சுசித்ரா முதலிய சுற்றுப்புறங்களில் குடியிருக்கின்றன. அவர்களுள் ஒருவர் என் நண்பர். கோயம்புத்தூர்க்காரர், மருந்தாலை ஒன்றில் மேற்பார்வையாளர். பொங்கல் விடுமுறை கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் ஒரு கடிதத்துடன் என் வீட்டுக்கு வந்தார். நான் மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன் ஆதலால், ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் கொண்டு வருவது எங்கள் பக்கத்துத் தமிழர்களின் வழக்கம்.

“சார், கம்பெனிக்காரர்கள் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம். பணத்தை முழுதாகத் தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா?” என்று கேட்டார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். அவர் ஊரில் இருந்தபோது வாங்கிய உயரமான குடும்ப வண்டி அது. எஸ்.யூ.வி. என்று இன்று எல்லாரும் சொல்லுகிறார்களே, அந்த வகை. குறிப்பிட்ட சில மாதங்களில் செய்யப்பட்ட வண்டிகளில் பெட்ரோல் பம்பு பழுதாயிருக்கக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோக வாய்ப்புண்டு. அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுவந்தால் பரிசோதித்து, வேண்டுமானால் இலவசமாக மாற்றித் தருவோம் என்று நிறுவனம் எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். எட்டு மாதங்களுக்கு முந்தியது. கடிதம் கோயம்புத்தூரில் அவருடைய அக்காள் வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த அம்மாள் அதை மின்சாரக் கட்டணச் சீட்டுகளோடும், கும்பாபிஷேக அழைப்பிதழ்களோடும் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்து, தம்பி வந்ததும் முறுக்குப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இடைப்பட்ட எட்டு மாதங்களில் நண்பர், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, ஒரு வழிக்கு 900 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை இருமுறை போய் வந்துவிட்டார்.

அவருடைய கேள்விக்கு நான் சிரித்தேன். சிரித்தது தவறு என்பது பிறகு தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். தவறான எண்ணத்தை அவருக்கு ஊட்டியது நம் மொழியில் வழங்கும் சொல்லே ஆகும். ‘ரீகால்’ என்பதைச் செய்தித்தாள்கள் ‘திரும்பப் பெறுதல்’ என்று எழுதுகின்றன. இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்பப் பெறுகிறது இன்ன நிறுவனம் என்று தலைப்பைப் படிப்பவர், கொடுத்த பொருளை வாங்கிக்கொண்டு பணத்தை நீட்டுவார்கள் என்று எண்ணுவது இயற்கைதானே? ‘திரும்ப அழைத்தல்’ என்பதே பொருளுக்குப் பொருந்தும். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை நடுப்பகலில் அழைத்துவந்து மருந்து கொடுத்துத் திரும்ப அனுப்புகிறோமே, அது போன்றதுதான் இது.

இந்த அழைப்பு வழக்கம் சட்டமான கதை அமெரிக்க நாட்டில் தொடங்குகிறது. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர், எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஆபத்து என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். விபத்துக்குக் காரணம் ஓட்டுநரின் கவனக்குறைவு என்றே அதுகாறும் உலகம் எண்ணி வந்தது. வண்டியின் அமைப்பிலேயே குற்றம் இருக்கக்கூடும் என்று நேடர் எடுத்துக் காட்டினார். முதல் அத்தியாயம் செவர்லே கார்வேர் என்னும் காரின் பின்புறத் தொங்கல் அமைப்பைப் பற்றியது. அதைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நேடரைத் தொடர்ந்து உளவு பார்க்கத் தனியார் துப்பறிவோரை ஏவியது. செய்தி வெளிப்பட்டு, 1966 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவர் செனட் சபையின் துணைக்குழு முன்னிலையில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் ஜனாதிபதி ஜான்சன் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பாதுகாப்பைக் கெடுக்கும் குறை தெரியவந்தால், வண்டியை வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அறிவிப்பதோடு கடமை முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். செலவின்றிப் பழுதை நீக்கித் தர வேண்டும் என்ற விதி 1974-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. ஆகவே கடிதம் முதலில் பிறந்தது. இலவசச் சீரமைப்பு எட்டாண்டு இளையது.

குடும்பங்கள் விரும்பி ஏறும் உயரமான வண்டியின் வரலாற்றில் மறக்க முடியாத நிகழ்ச்சி 2000-ஆம் ஆண்டில் நேர்ந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் 1990-இல் வெளிவந்து, அமெரிக்கக் குடும்பங்களின் செல்ல வண்டியாகிவிட்டது. அதில் பூட்டியவை ஃபயர்ஸ்டோன் டயர்கள். வெயில் மிகுந்த தென் மாநிலங்களில், கோடைக் காலத்தில், நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போது, டயரின் மேற்பட்டை எஃகுக் கம்பி அடுக்கிலிருந்து வாழைப்பழத் தோல்போல் உரிந்து வந்தது. தாழ்ந்த கார் என்றால் தடுமாறி நின்றிருக்கும். இந்த வண்டிகள் உயர்ந்தவை ஆதலால் பல உருண்டு கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டு 9-ஆம் நாள் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 270 பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. டயர் மோசம் என்றது கார் நிறுவனம். காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னதும் வண்டியின் அமைப்பும் மோசம் என்றது டயர் நிறுவனம். ஏறத்தாழ நூறாண்டுக் காலமாக இருந்த வாணிக உறவு அதோடு முறிந்தது.

இந்த வரலாற்றில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அமெரிக்காவில் அழைப்பு விடுவதற்கு முன்பே சவூதி அரேபியாவிலும், மலேசியாவிலும், தாய்லாந்திலும், வெனிசூலாவிலும் ஃபோர்டு நிறுவனம் அந்த டயர்களை மாற்றிக் கொடுத்து வந்தது. ஓரிடத்தில் தெரிந்த குறை மற்றோரிடத்தில் சொல்லப்படவில்லை. ஆகையால்தான் அவ்வாண்டு நவம்பரில் வந்த புதிய சட்டம், வெளிநாட்டில் செய்த அழைப்பையும் அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. வண்டியும் குறையும் ஒன்றே. ஆனால் செய்தி உரியவரைத் தேடிப் போகாமல் வழியில் நின்றுவிடுகிறது. நம் கோயம்புத்தூர் நண்பரின் கதையும் சிறு அளவில் இதுதானே?

இனி நம் நாட்டுக்கு வருவோம். மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கிய காலம் முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுகள், வண்டி கிடைப்பதே பெரும் பேறு என்ற நிலை இருந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், வந்த வண்டியில் குறை இருந்தால் அதை ஜாதக பலன் என்று ஏற்றுக்கொண்டார். பழுது நீக்குவது தெருமுனை மெக்கானிக்கின் வேலை. கதவு அடைபடவில்லையா, கார்புரேட்டர் அடைத்துக்கொண்டதா, அவரே திருத்தினார். அந்தக் கைத்திறனை இகழ மாட்டேன். ஆயினும் பாலாநகரிலும் ஜீடிமெட்லாவிலும் உள்ள ஆயிரம் மெக்கானிக்குகள் ஒரே குறையை ஆயிரம் முறை திருத்தினாலும், அது ஒரே குறை என்பதை அறிந்து கணக்கெடுக்க ஒருவரும் இல்லை. அப்படிக் கணக்கெடுப்பதற்குத்தான் சட்டம் வேண்டியிருந்தது.

ஐதராபாத்தும் இந்த வரலாற்றுக்குப் புறம்பானது அன்று. நகருக்கு மேற்கே ஜஹீராபாத்தில், ஆல்வின் நிறுவனமும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து நடத்திய சிறு சரக்கு வண்டித் தொழிற்சாலை 1989-இல் மகிந்திராவின் கைக்கு மாறிற்று. இன்றும் மகிந்திராவின் தொழிற்சாலை அங்கே நடைபெறுகிறது.

1990-களில் பொருளாதாரக் கதவுகள் திறந்தபின் நிலைமை மாறியது. 1998-இல் டாட்டா சஃபாரி, 2002-இல் மகிந்திரா ஸ்கார்ப்பியோ என்று உயரமான குடும்ப வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிகள் பெருகின, ஆனால் குறையை ஒப்புக்கொள்ளும் பழக்கம் மெல்லத்தான் வளர்ந்தது. 2010 பிப்ரவரியில் மாருதி நிறுவனம், பெட்ரோல் கசியக்கூடும் என்று சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை அழைத்தது. அதே ஆண்டு சில நானோ கார்கள் தீப்பற்றியபோது, டாட்டா நிறுவனம் இலவசமாகப் பாதுகாப்பு உறுப்புகளைப் பூட்டித் தர முன்வந்தது. ஆனால் இதைத் திரும்ப அழைப்பு என்று சொல்லக் கூடாது என்று வற்புறுத்தியது. அந்தச் சொல்லுக்கே அவ்வளவு கூச்சம் இருந்தது அப்போது.

கார் தயாரிப்பாளர் சங்கம் 2012 ஜூலையில் தாமாகவே ஒரு நெறிமுறையை ஏற்படுத்திக்கொண்டது. ஏழாண்டுக்குட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை கண்டால் அறிவித்துச் சரிசெய்வது என்பது அதன் சாரம். தாமாக ஏற்றுக்கொண்ட நெறி ஆதலால் மீறினால் தண்டனை இல்லை. ஏறத்தாழ ஓராண்டில் அதன் போதாமை வெளிப்பட்டது. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் டவேரா வண்டிகள் சுமார் 1,14,000-ஐ அழைத்தது. 2005 முதல் 2013 வரை செய்யப்பட்டவை அவை. பெரிய குடும்பங்களும் வாடகைக்கு ஓட்டுவோரும் விரும்பிய வண்டி அது. நம்மவர் பலர் கல்யாணத்துக்கும் திருப்பதிக்கும் அதில் போயிருப்பார்கள். புகை அளவுச் சோதனைக்கு அனுப்பும் எஞ்சின்களில் நிறுவனத்தின் அலுவலர்களே முறைகேடு செய்தார்கள் என்பது நிறுவனத்தின் சொந்த விசாரணையிலேயே தெரியவந்தது. பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். இரண்டாண்டுக்குப் பின், 2015 டிசம்பரில், அதே புகை விவகாரத்தில் வோக்ஸ்வாகன் குழுமம் இந்தியாவில் 3,23,700 டீசல் கார்களை அழைக்க நேர்ந்தது. சங்கத்தின் நெறிமுறை மட்டும் போதாது என்று சொன்னவர்களின் கை ஓங்கிற்று.

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 2019 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் 110-ஏ பிரிவு, சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் செல்பவருக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால், வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசாங்கம் ஆணையிடலாம் என்கிறது. என் அலுவல் காரணமாக அப்பிரிவை ஒருமுறை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. அழைக்க ஆணை பெற்ற நிறுவனம், வண்டியின் முழு விலையையும் வாங்கியவருக்குத் திருப்பித் தர வேண்டும். அல்லது வேறு வண்டி தர வேண்டும். அல்லது பழுது நீக்கித் தர வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. பணம் தருவார்களா என்று நண்பர் கேட்டபோது நான் சிரித்தேன் அன்றோ? சட்டம் சிரிக்கவில்லை. நடைமுறையில் பழுது நீக்கித் தருவதே வழக்கம் என்றாலும், அவர் கேட்டது ஏடறியாத கேள்வி அன்று.

இப்பிரிவுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் கார் வகையானால், 1,250 உரிமையாளர்கள் ஒரே குறையைப் பற்றி முறையிட்டால் அரசாங்கம் விசாரணையில் இறங்கும். கட்டாய அழைப்புக்கு ஆளான நிறுவனம் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் செலுத்த நேரும். தானே குறையைக் கண்டு, அரசாங்கத்துக்குத் தெரிவித்து, அழைப்பைத் தொடங்கும் நிறுவனத்துக்கு அபராதம் இல்லை. ஒப்புக்கொள்வதை ஊக்குவிக்கும் இந்த ஏற்பாடு அறிவுடையது என்பது என் அபிப்பிராயம். அபராதத் தொகைதான், லட்சக்கணக்கில் வண்டி விற்பவர்களுக்குக் கொசுக்கடி.

இன்றைய குடும்ப எஸ்.யூ.வி.யில் என்ன குறை வருகிறது? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மகிந்திராவின் எக்ஸ்.யூ.வி. 700 என்னும் வண்டி 2021-இல் வெளிவந்தது. புணே அருகே சாக்கனில் செய்யப்பட்டாலும், செங்கல்பட்டுக்கு அருகே உள்ள அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது ஆதலால், அதில் தமிழ்நாட்டின் கைவண்ணமும் உண்டு. அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2022 டிசம்பரில், அவ்வாண்டு ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை செய்யப்பட்ட கைக்கியர் வண்டிகளில், எக்ஸ்.யூ.வி. 700 வகையில் 12,566-உம் ஸ்கார்ப்பியோ-என் வகையில் 6,618-உம் அழைக்கப்பட்டன. எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே, கிளட்சை மூடிக்கொண்டு, மணி வடிவத்தில் ஓர் உலோகக் கூடு உண்டு. அதனுள் இருக்கும் ரப்பர் உறை ஒன்றின் அளவு பிசகியிருக்கலாம் என்பது காரணம். உறுப்பை வழங்கிய ஆலையில் தரம் பிரித்தபோது நேர்ந்த பிழை அது என்றார்கள். நல்ல ரப்பர் எது, தள்ளவேண்டிய ரப்பர் எது என்று பிரிக்கும் மேசையில் நேர்ந்த சிறு கவனக்குறைவு, 19,000-க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அழைப்பாக வந்து நின்றது. ஜீடிமெட்லாவின் சிறு பட்டறைகளில் இத்தகைய மேசைகளில் அமர்ந்து வேலை செய்யும் நேயர்கள் இதை என்னைவிட நன்கு உணர்வார்கள்.

2023 ஆகஸ்டில் வந்த அழைப்பு இன்னும் பெரிது. 2021 ஜூன் முதல் 2023 ஜூன் வரை செய்யப்பட்ட எக்ஸ்.யூ.வி. 700 வண்டிகள் 1,08,306. எஞ்சின் அறையில் மின்கம்பிக் கட்டு செல்லும் வழியைப் பரிசோதிக்க வேண்டும். கம்பி உராய்ந்து அறுபடக்கூடும் என்பது காரணம். இக்காலத்து வண்டியில் கம்பிக் கட்டு என்பது உடம்பில் நரம்பு மாதிரி. கூரிய விளிம்பு ஒன்றில் மாதக்கணக்காக உராய்ந்தால் உறை தேயும். பிறகு செம்பு தெரியும். அப்புறம் நடப்பது அந்த இடத்தைப் பொறுத்தது. இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படும் ஹூண்டாய் கிரெட்டாவும் இதற்கு விலக்கு அன்று. 2023-இல் சில மாதங்களில் செய்த கிரெட்டா, வெர்னா வண்டிகளில் 7,698-ஐ, தானியங்கிக் கியரின் எண்ணெய் பம்பைக் கட்டுப்படுத்தும் மின்னணு உறுப்புக்காக 2024 பிப்ரவரியில் அழைத்தார்கள். மாருதி கிராண்ட் விட்டாரா 39,506-ஐ 2025 நவம்பரில் அழைத்ததற்குக் காரணம், எரிபொருள் அளவைக் காட்டும் முள்ளும் எச்சரிக்கை விளக்கும் பொய் சொல்லக்கூடும் என்பது.

இவற்றைக் கேட்டு, அடிக்கடி அழைக்கப்படும் வண்டி மட்டமான வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டவேரா எட்டாண்டு அழைக்கப்படாமலே ஓடியது என்பதை நினைக்க வேண்டும். இன்னொன்று: எல்லாக் கோளாறும் அழைப்புக்கு உரியதன்று. பாட்டுப் பெட்டியின் திரை உறைந்து நிற்பதும், பின்னிருக்கையில் குளிர்காற்று போதாததும், மேடு பள்ளத்தில் அடியில் கடகடவென்று ஒலிப்பதும் உரிமையாளரை வாட்டும் குறைகளே. அவற்றை உத்தரவாதக் காலத்துக்குள் பணிமனையில் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கானதே திரும்ப அழைப்புக்கு உரியது. பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள், மின்கம்பி, காற்றுப்பை ஆகியவை அவ்வகையின. காற்றுப்பை என்றதும் ஜப்பானியத் தக்காட்டா நிறுவனம் நினைவுக்கு வருகிறது. வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் சேரச் சேர, பையை விரிக்கும் வெடி உப்புக் கெட்டு, உலோகக் கூடு சிதறி ஆட்களைக் கொன்றது. பல கோடிக் கார்கள் உலகெங்கும் அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017-இல் திவாலாயிற்று. பழைய கார்களையே அது மிகுதியும் தாக்கியது. கைமாறிக் கைமாறி மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கும் கார்கள் அவை.

இங்கேதான் வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்குத் தொல்லை. நிறுவனம் தன் ஏட்டில் உள்ள முகவரிக்கே எழுதும், தன் ஏட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கே செய்தி அனுப்பும். வண்டியை மதுரையில் வாங்கி, நாக்பூரில் வேலை பார்த்து, ஐதராபாத்துக்கு மாற்றலாகி வந்தவரை அது எங்ஙனம் தேடும்? பழைய வண்டி வாங்கியவர் பெயரே அந்த ஏட்டில் இராது. சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் மற்றொரு மாநிலத்தில் வைத்திருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டும். முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தடையின்மைச் சான்று, சாலை வரி, இரண்டு அலுவலகங்களுக்கு நடை என்று அஞ்சி, தமிழ்நாட்டு எண்ணோடே ஓட்டும் அன்பர்கள் எத்தனை பேர் என்பது எங்கள் தெருவிலேயே தெரியும். என்னைப் போன்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பாரத் வரிசை எண் கிடைக்கிறது. தனியார் ஆலைப் பணியாளருள், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனத்தில் இருப்பவருக்கே அந்த வசதி.

ஆயினும் ஓர் எளிய வழி உண்டு. பதிவுச் சான்றில் சேஸிஸ் எண் 17 எழுத்துகளாக இருக்கும். வண்டியின் எண் பலகை மாறினாலும், உரிமையாளர் மாறினாலும் அது மாறாது. நிறுவனங்கள் பலவற்றின் இணையத்தளத்தில் அந்த எண்ணை இட்டால், நிலுவையில் அழைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்; எந்த ஊர்ப் பணிமனையிலும் கேட்கலாம். எழுதும்போது ஒன்று கவனிக்க: அந்த எண்ணில் ஆங்கில ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் வருவதே இல்லை. வட்டமாகத் தெரிவது சுழியமே; கோடாகத் தெரிவது ஒன்றே.

நண்பரோடு அடுத்த சனிக்கிழமை நானும் பணிமனைக்குப் போனேன். முகப்பில் இருந்த இளைஞர் சேஸிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, தெலுங்கில், “பம்பு மாற்ற வேண்டியது பாக்கி இருக்கிறது, நான்கு மணி நேரம் ஆகும்” என்றார். நண்பரின் மனைவி அங்கிருந்த நாற்காலியில் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். குழந்தைகளோடு கர்நூல் தாண்டி இருட்டில் வந்த பயணத்தை நினைத்துக்கொண்டிருந்தார் என்று நண்பர் பிறகு சொன்னார். மாலையில் வண்டி கிடைத்தது. ரசீதில் தொகைக்கு நேரே சுழியம். பழைய பம்பைப் பார்க்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். அதை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கூறித் தூரத்திலிருந்து காட்டினார்கள். பிறகு அந்த இளைஞர் முகவரியைச் சரிபார்க்கலாமா என்று கேட்டு, கோயம்புத்தூர் விலாசத்தைப் படித்தார். நண்பர் அதை அடிக்கச் சொல்லி, ஜீடிமெட்லா விலாசத்தையும், தம் தொலைபேசி எண்ணோடு மனைவியின் எண்ணையும் எழுதச் சொன்னார். அக்காளின் எண்ணும் இருக்கட்டும் என்றார் மனைவி.